மேல்துணியும் வெளிச்சமும்

ஒரு புகைப்படப் புத்தகம் இரவல் கிடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எட்வர்ட் வெஸ்டன் என்கிற அமெரிக்கர் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் ஒரு பெண் துணியில்லாமல் மணல்மேட்டில் படுத்திருக்கிறாள். அப்பத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் புத்தகத்தை மூடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தது. அசிங்கம் என்று சொல்லும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

'யாருத்தா இந்தப் புள்ள? உடுத்தக் குடுக்காத பாவி எவன்?'

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அழகியல் பாடம் இருந்தது. ரசம், மெய்ப்பாடு, உள்ளுறை எல்லாம் எழுதித் தேறினேன். இந்தக் கேள்வி அதில் எங்கும் இல்லை.

அப்பத்தாவுக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு இராமநாதபுரம் சீமை. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளை போட்டார்கள். நகை போடக்கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது, ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பொம்பளைகள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக்கூடாது என்பதும் அதில் ஒன்று. கேட்காதவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931-இல் எட்டு பதினொன்றானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு முன்பே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக அடிதடி நடந்து 1859-இல் அரசு இறங்கிவந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு முடிச்சுப் போட்டுத்தான் அனுமதித்தார்கள். 1915-இல் அய்யன்காளி கூட்டிய கொல்லம் கூட்டத்தில் புலையர் பெண்கள் கழுத்தில் கிடந்த கல்லுமாலையை அறுத்தெறிந்ததும் இதே கணக்கின் தொடர்ச்சிதான்.

ஆடையைக் களைவது விடுதலை என்று நகரத்து நண்பர்கள் சொல்லும்போது எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. களைவதற்கு முதலில் ஆடை இருக்க வேண்டுமே. எங்கள் பாட்டிமார்கள் அடிபட்டு வாங்கியது மூடுகிற உரிமை. அது கையில் இல்லாதவளுக்குத் திறக்கிற உரிமை ஏது?

அப்படியானால் நிர்வாணப் புகைப்படங்களை நாம் ரசிக்கவே கூடாதா? அவசரப்பட வேண்டாம்.

வெஸ்டனை எடுத்துக்கொள்வோம். எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவைப் பெரிதாக்காமல் தாளின் மேல் அப்படியே வைத்து அச்சடித்தவர். அதனால்தான் மணலின் ஒவ்வொரு பொடியும் தோலின் ஒவ்வொரு மயிரும் நம் கண்ணுக்கு வருகின்றன. 1930-இல் ஒரு குடைமிளகாயை எடுத்தார். முதுகு வளைத்து நிற்கிற உடம்பு மாதிரி இருக்கும். 1936-இல் கலிபோர்னியாவின் ஓசியானோ மணல்மேட்டில் காரிஸ் வில்சன் என்ற பெண்ணை எடுத்தார். வெயில் அந்த உடம்பில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதை அழகில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

ஆனால் மிளகாயும் மனுசியும் ஒரே மாதிரி ஆகிப்போகிற இடத்தில் ஒரு முள் உறுத்துகிறது. மிளகாய் 'வேண்டாம்' என்று சொல்லாது. காரிஸ் சொல்லியிருக்க முடியுமா? முடியும். 1940-இல் வந்த 'கலிபோர்னியாவும் மேற்கும்' என்கிற நூலின் எழுத்து அவருடையது, படம் வெஸ்டனுடையது. பல வருடம் கழித்து 1998-இல் அந்த நாட்களைப் பற்றித் தன் பக்கத்துக் கதையை ஒரு புத்தகமாகவே எழுதினார். படத்துக்குள் படுத்திருந்தவளுக்கு வெளியே ஒரு வாய் இருந்தது. அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் உண்டு.

இப்போது இன்னொரு படம். 1850, அமெரிக்காவின் தென் கரோலினா. லூயி அகாசிஸ் என்கிற ஹார்வர்ட் விஞ்ஞானி, கருப்பர்கள் வேறு இனமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று நிரூபிக்க ஆசைப்பட்டார். ஜோசப் ஜீலி என்கிற புகைப்படக்காரரின் கூடத்துக்கு அடிமைகளைக் கூட்டிவந்து வெள்ளித் தகட்டில் படம் பிடித்தார்கள். ஏழு பேர், பதினைந்து தகடுகள். ரெண்டி என்கிற பெரியவர், அவர் மகள் டீலியா. டீலியாவின் கவுன் இடுப்புவரை இறக்கப்பட்டிருக்கிறது. பெற்ற தகப்பனும் அதே கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். அந்தத் தகடுகளும் தொழில்நுட்பத்தில் குறை வைக்காதவை. வெளிச்சம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் டீலியாவின் கண்ணைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைப் பாராட்ட நமக்கு நாக்கு வருமா?

தகடுகள் ஹார்வர்டின் அருங்காட்சியகப் பரண் ஒன்றில் கிடந்து 1976-இல் கண்டெடுக்கப்பட்டன. ரெண்டி என் முப்பாட்டன் வழி என்று டமாரா லேனியர் என்கிற பெண் 2019-இல் வழக்குப் போட்டார். படம் எடுத்தவனுக்குத்தான் சொந்தம், எடுக்கப்பட்டவனுக்கு இல்லை என்று 2021-இல் கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவருக்கு நேர்ந்த மனவேதனைக்காக வழக்கு நடத்தலாம் என்று 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2025-இல் சமரசம் ஆகி, படங்களைச் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஹார்வர்ட் ஒப்புக்கொண்டது. உரித்துக் காட்டப்பட்ட உடம்பு தன் சனங்களிடம் திரும்ப நூற்றெழுபத்தைந்து வருடம்!

நம் நாட்டு நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் கருப்பு நிறத்தவரான பார்பரா ஃபெல்டஸும் நிர்வாணமாக நிற்கும் படத்தை 1993-இல் கல்கத்தாப் பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்தன. ஆபாசம் என்று வழக்கு. எடுத்தவர் பார்பராவின் தகப்பனாரேதான். நிறவெறிக்கு எதிராக எடுத்த படம். 2014-இல் உச்ச நீதிமன்றம், நிர்வாணம் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பாருங்கள், நீதிமன்றம் கேட்ட கேள்வி பார்க்கிறவனுக்குக் காமம் கிளம்புகிறதா என்பது. கலாச்சாரக் காவலர்கள் கேட்பதும் பார்க்கிறவனைப் பற்றித்தான். கலை ரசிகர் கேட்பதும், பார்க்கிற என் மனசு உயர்ந்ததா என்றுதான். மூன்று பேருமே படத்துக்குள் இருப்பவளிடம் பேசவில்லை. டீலியாவின் படம் எவனுக்கும் காமம் கிளப்பாமல் இருக்கலாம். அதனால் அது சுத்தமாகிவிடுமா?

எனக்கு நெருக்கமான ஒரு கலைஞர் லாரா அகிலார். மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர். பெருத்த உடம்புக்காரி, பெண்ணை விரும்பும் பெண். 2018-இல் இறந்துபோனார். 1996-இல் நியூ மெக்சிகோவின் பாறைகளுக்கு நடுவே காமிராவை நிறுத்தி, தானே போய் அம்மணமாக உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். முதுகு மட்டும் தெரிகிறது. எது பாறை, எது உடம்பு என்று ஒரு நொடி தடுமாறுகிறோம். வெஸ்டன் வில்சனை மணலோடு சேர்த்துப் பார்த்த அதே அழகியல்தான். ஆனால் இங்கே பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே ஆள். ஒல்லியும் வெளுப்பும்தான் நிர்வாணத்துக்குத் தகுதி என்ற விதியைச் சத்தமில்லாமல் தாண்டி, இந்தப் பூமியில் நானும் ஒரு பாறை மாதிரி கிடக்க உரிமை உள்ளவள் என்று அந்த முதுகு சொல்கிறது. அகிலார் எழுந்து துணி கட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சுதந்திரம் படத்தில் தெரிகிறது. அதுதான் படத்தின் அழகு என்கிறேன் நான்.

ஆகவே ரசிப்போம், தாராளமாக. ஆனால் வெளிச்சத்தைப் பார்க்கும் முன்னே ஒன்றைக் கேட்டுவிட்டு ரசிப்போம்: இவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது என்றால் அது கலை. அடி விழுந்திருக்கும், கூலி போயிருக்கும், குடிசை எரிந்திருக்கும் என்றால், எத்தனை நல்ல காகிதத்தில் அச்சடித்தாலும் அது 1930-இன் கட்டளைதான்.

கேட்கவே படாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஓர் அத்தை பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்ததை ஊருக்கு வந்த ஒரு புகைப்படக்காரர் தூரத்திலிருந்து எடுத்துவிட்டுப் போனார். படத்துக்குப் பரிசு கிடைத்தது. அத்தைக்கு அது தெரியாது. அவர் மருமகன் செல்போனில் காட்டித்தான் தெரிந்தது. நானும் கூட இருந்தேன். தண்ணீர் சிதறி வெயிலில் மின்னுகிறது, நல்ல படம். அத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

'நல்லாத்தேன் எடுத்துருக்கான்' என்றார். அப்புறம் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'ஒரு வார்த்தை சொல்லிருந்தான்னா மாராப்ப இழுத்து விட்டுருப்பேன்ல' என்றார்.