மதிலும் உறையும்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் மதிலைப் பார்த்து, “உள்ளே எதை ஒளிக்கிறீர்கள்?” என்று யாரும் கேட்பதில்லை. சர்க்காருக்கு மறைவு வேண்டியதுதான். அம்பத்தூர்க் குடும்பஸ்தர் தம் கைப்பேசிச் செய்தி பூட்டோடு போகட்டும் என்றால் மட்டும், “குற்றமற்றவனுக்கு என்ன பயம்?” என்கிறார்கள்.

கடிதங்களைப் பிரிக்க விரிந்த அதிகாரம் தரும் மசோதா 1986-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்திடவில்லை, அது சட்டமாகவில்லை. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமித்துச் சொன்னார்கள். ஆயினும் 2023-ன் அஞ்சல் சட்டம், அதிகாரிகள் கடிதத்தைப் பிரிக்க இடம் தருகிறது.

பிரிக்க வேண்டிய வேளையும் வரலாம். அப்போது நீதிபதியிடம் காரணம் காட்டிப் பிரிக்கட்டும். மூன்றாமவர் படிக்கிறார் என்று தெரிந்தால், மனிதன் “நலம், நலமறிய ஆவல்” என்பதோடு நிறுத்திக்கொள்வான். மனத்தில் உள்ளதை எழுத அஞ்சுகிறவனுக்குப் பேச்சுரிமை இருந்துதான் என்ன பயன்?