விலக்கு நீங்கினால் வினையும் நீங்குமோ?

சட்டம் ஒரு செயலை விலக்கி வைத்திருக்கும் வரையில், அச்செயல் தகாதது என்று இளையோருக்கு உணர்த்துதல் எளிது. அவ்விலக்கு நீங்கிய பின் என்ன சொல்வது என்பதே கடினமான வினா. வீட்டின் ஓர் அறைக்குள் கஞ்சாச் செடி வளர்த்தல் என்னும் பழக்கம் மேலைநாடுகள் சிலவற்றில் பரவி வருகின்றது. கல்விக்காகவும் பணிக்காகவும் அந்நாடுகளுக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. "சட்டம் தடுக்கவில்லை, பிறரை ஏமாற்றவும் இல்லை, என் கையால் வளர்த்ததை நானே பயன்படுத்துகிறேன். இதில் குற்றம் யாது?" என்று ஓர் இளைஞர் கேட்பாராயின், அவ்வினா மதிக்கத்தக்கது; அதனை அதட்டி அடக்குதல் முறையன்று. ஆதலின் அதனை அமைதியாக ஆராய்வோம்.

முதலில் செய்தியைத் தெளிவாக அறிதல் வேண்டும். கனடா நாடு 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டிற்கு நான்கு செடிகள் வரை வளர்க்க இசைவளித்தது. ஆயினும் அந்நாட்டிலேயே கியூபெக் மாநிலம் வீட்டில் வளர்த்தலைத் தடை செய்தது. அத்தடை செல்லும் என்று கனடாவின் உச்சநீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், வயது வந்த ஒருவர் தம் இருப்பிடத்தில் ஒரே வேளையில் மூன்று செடிகள் வரை தம் சொந்தப் பயனுக்காக வளர்க்க இடந்தந்தது. நம் நாட்டிலோ 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமமின்றி இச்செடியை வளர்த்தல் பத்தாண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றமாகும். ஒரே செயல் ஓரிடத்தில் குற்றம்; மற்றோரிடத்தில் பொழுதுபோக்கு. எல்லைக் கோட்டைக் கடந்தவுடன் மாறிவிடும் ஒன்று அறத்தின் அளவுகோல் ஆகாது என்பது இதனாலேயே விளங்கும்.

இனி, இசைவளித்த சட்டம் உண்மையில் என்ன கூறுகின்றது? ஜெர்மானியச் சட்டம் கஞ்சா நல்லது என்று கூறவில்லை. வளர்க்கும் செடி சிறுவர் கைக்கு எட்டாதவாறு காக்கப்பட வேண்டும் என்கின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவர் அருகிருக்கப் புகைத்தலைத் தடுக்கின்றது. வளர்ப்புச் சங்கங்கள் 18 முதல் 21 வயது வரை உள்ளோருக்கு வழங்கும் பொருளில் போதைச் சத்து நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருத்தலாகாது என்றும் வரையறுக்கின்றது. கள்ளச் சந்தையை ஒடுக்கவும், கலப்படத்தால் விளையும் கேட்டைக் குறைக்கவும், இரு தீமைகளுள் சிறியதைத் தெரிந்தெடுத்தது அவ்வரசு. 'தண்டிக்க மாட்டோம்' என்பது வேறு. 'செய்க' என்பது வேறு. சட்டம் விடை கூறியது முதல் வினாவிற்கு மட்டுமே. இரண்டாவது வினா மனிதனிடமே விடப்பட்டுள்ளது.

அடுத்து, இச்செயலில் நன்மையே இல்லையோ எனின், நேர்மையாகச் சிந்தித்தல் வேண்டும். புதிதாக வளர்க்கத் தொடங்குபவர் சிறு கூடாரம் ஒன்றை அறைக்குள் அமைக்கின்றார். மின்விளக்குகளே அங்குச் சூரியன். இளஞ்செடிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 18 மணி நேரம் ஒளி தருகின்றார். பூக்கும் பருவம் வந்ததும் 12 மணி நேர ஒளியும் 12 மணி நேர இருளுமாக மாற்றுகின்றார். இரவு நீண்டால் பூக்கும் இயல்புடைய செடி அது; இருள் வேளையில் சிறிது ஒளி கசிந்தாலும் அதன் பூப்பு தடுமாறும். மிகுதியாக நீர் ஊற்றி வேரை அழுகச் செய்தலும், மிகுதியாக உரமிட்டு இலையைக் கருகச் செய்தலும் புதியவர்க்கு நேரும் பிழைகள். ஈரம் மிகுந்தால் பூவில் பூஞ்சணம் பிடிக்கும். எனவே அளவறிதல், காத்திருத்தல், அன்றாடம் உற்று நோக்குதல் ஆகிய பண்புகளை அவர் கற்கின்றார். இவை யாவும் நற்பண்புகளே. கள்ளச் சந்தையில் வாங்கி வன்முறைக் கும்பல்களுக்குப் பொருள் சேர்ப்பதினும் இது குறைந்த தீங்குடையது என்பதையும் நாம் மறுக்கவில்லை.

ஆயின், நற்பண்புகளைக் கொண்டு செய்யப்படும் செயல் அதனாலேயே நற்செயல் ஆகிவிடுமோ? ஆசிரியப் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதும்போது முதலில் 'நோக்கம்' என்னும் பகுதியை நிரப்பிய பின்னரே 'முறை' என்னும் பகுதிக்குச் செல்லுமாறு நாம் கற்பித்து வந்தோம். கரும்பலகை எழுத்து அழகாக இருக்கலாம். துணைக்கருவிகள் சிறப்பாக அமையலாம். வினாக்கள் கூர்மையாகத் தொடுக்கப்படலாம். நோக்கம் பிழையானால் அப்பாடம் திறமையாக நடத்தப்பட்ட பிழையே ஆகும். பொறுமையும் உழைப்பும் முறையைச் சார்ந்தவை. அவை எதன் பொருட்டு என்பதே செயலின் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

இச்செயலின் விலையையும் கணக்கிடல் வேண்டும். அறைக்குள் வளரும் இச்செடியைச் சிலந்திப்பேன் என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்கள் பற்றிக் கொள்ளும். அவற்றை மருந்திட்டுக் கொல்வர். அல்லது அவற்றை இரையாகக் கொள்ளும் வேறு வகைப் பேன்களை விலைக்கு வாங்கி விடுவர். இரண்டாவது வழியில் தம் கை தூயது என்று வளர்ப்பவர் எண்ணலாம். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றனையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்கும் மரபில் வந்த நமக்கு, அவ்வாறன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

'நெல் விளையும் கழனியிலும் உயிர்கள் மடிகின்றனவே' என்று கேட்பின், அதுவும் நியாயமான வினாவே. இல்லறத்தார் வாழ்வு முற்றிலும் தீங்கற்றதாக இயலாது. உண்ணாமல் வாழ இயலாமையால் உழவில் நேரும் தீங்கைக் குறைக்க முயல்கின்றோம், அதற்காக வருந்துகின்றோம். இன்றியமையாமை என்னும் காரணம் அங்குண்டு. மயக்கத்திற்காகச் செய்யும் வளர்ப்பில் அக்காரணம் இல்லை. தேவையின்றி நேரும் தீங்கு சிறிதாயினும் அதற்கு விடை கூறும் பொறுப்பு பெரிது.

மின்சாரமும் அத்தகையதே. அமெரிக்காவில் வணிக முறையில் அறைக்குள் வளர்க்கப்படும் கஞ்சாவைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரு கிலோ உலர்ந்த பூவைப் பெறுவதற்கு, இடத்திற்கேற்ப 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு நிகரான மாசு வெளிப்படுவதாகக் கணக்கிட்டது. மூன்று செடிகள் கொண்ட வீட்டிற்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எனினும் விலையின்றிக் கிடைக்கும் கதிரவன் ஒளியைச் சுவரால் மறைத்துவிட்டு, மின்சாரத்தால் மற்றொரு கதிரவனை உண்டாக்கும் செயலின் தன்மை பெரிதாயினும் சிறிதாயினும் ஒன்றே. மிகையைத் துறத்தல் இல்லறத்தாருக்கும் உரிய நெறியன்றோ?

இவை எல்லாவற்றினும் முதன்மையானது மனத்தின் விழிப்பு. பெண் செடியின் பூவில் திரளும் டி.எச்.சி. என்னும் பொருளை 1964இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர் ரஃபேல் மெகூலமும் யெஹியேல் கவோனியும் பிரித்தறிந்தனர். மயக்கம் தருவது அதுவே. கொல்லாமையும் வாய்மையும் கடைப்பிடிக்கப்படுவது விழித்திருக்கும் மனத்தால். ஆதலால் மயக்கத்தை நாடுபவர் தம் எல்லா நெறிகளையும் காக்கும் காவலனையே உறங்கச் செய்கின்றார். மது விலக்கப்பட்டதன் காரணமும் இதுவே. எனவே, ஊருக்கு ஊர் உரிமம் பெற்ற மதுக்கடையில் குடித்துவிட்டு வரும் பெரியவர், கஞ்சா வளர்க்கும் இளைஞரைச் சுட்டிக்காட்டும் தகுதியுடையவரல்லர். சட்டம் இசைந்தது என்னும் சமாதானத்தை இருவரும் ஒருங்கே கூறுகின்றனர். ஒருவருக்கு அது போதுமெனில் மற்றவருக்கும் போதும். ஒருவருக்குப் போதாதெனில் மற்றவருக்கும் போதாது.

செடியைப் பழித்தலும் தகாது. அதன் நாரால் கயிறும் துணியும் செய்வர். அதனின்று பெறப்படும், போதை தராத சி.பி.டி. என்னும் பொருளைக் கொண்ட மருந்து ஒன்றுக்கு, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான இருவகை வலிப்பு நோய்களின் பொருட்டு 2018இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. வலிப்பால் துடிக்கும் மகவுக்கு மருத்துவர் கூறியபடி அதனைத் தரும் தாயின் மீது எப்பழியும் இல்லை. அங்கே நோக்கம் நோய் தீர்த்தல். செடி ஒன்றே, நோக்கம் வேறாதலின் செயலும் வேறாகின்றது.

ஆக, வினாவிற்குரிய விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. ஊரார் என் சொல்வர் என்னும் நாணத்திலும் இல்லை. 'காவலர் பிடிப்பர்' என்னும் அச்சத்தை மட்டுமே கூறிப் பிள்ளையை வளர்த்தால், காவலர் பிடிக்காத நாட்டில் விமானம் இறங்கிய அன்றே நம் போதனையும் இறங்கிவிடும். 'எதன் பொருட்டு? எவ்வுயிர்க்கு என்ன விலை? செய்த பின் மனம் விழித்திருக்குமா?' என்னும் மூன்று வினாக்களையும் தனக்குத்தானே கேட்டுக் கொள்ளும் பழக்கத்தைத் தந்து அனுப்பினால், அது எந்நாட்டிலும் செல்லும் நாணயமாகும். அப்பழக்கத்தைப் பேச்சால் தருவது அரிது. வீட்டில் பெரியவர்கள் தம் சிறு செயல்களுக்கும் அவ்வினாக்களைக் கேட்டுக் கொள்வதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு கற்றல் வேண்டும். அப்பாடத்தை நம் இல்லங்களில் இன்றே தொடங்குவோமாக.