அரண்மனையும் லயமும்

பழைய கட்டடங்களைக் காத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இன்று அரியர். ஆயினும், எவருடைய பழமையை, எவர் பொருட்டு, எவர் செலவில் காப்பது என்னும் வினாக்களை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வழி இவ்வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக நம்முன் நிறுத்துகின்றது. பிழைப்பின் பொருட்டு இம்மண்ணிற்கு வந்து, தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு இது வெறும் அறிவு விளையாட்டு அன்று.

முதலில் நகரைக் காண்போம். கோட்டைப் பகுதியில் சுவாதித் திருநாள் மன்னர் எழுப்பிய குதிரை மாளிகை நிற்கின்றது. அதன் இறவாரத்தின்கீழ் 122 மரக் குதிரைகள் வரிசையாகத் தாவுகின்றன. வடக்கே, 1880-இல் கட்டி முடிக்கப்பெற்ற நேப்பியர் அருங்காட்சியகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்திற்கு வடிவம் தந்த சிஷோம் என்னும் அதே கலைஞரின் கைவண்ணம் அது. இவற்றை இடிக்க எவரும் துணியார். பழஞ்சின்னங்களைக் காப்பதற்கெனக் கேரளம் 1968-இல் சட்டமும் இயற்றியது. மன்னர் கட்டியவற்றிற்கு வழக்குரைப்போர் என்றும் உளர். அவற்றைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுவதில்லை.

கவலை, மக்கள் குடியிருக்கும் பழைய வீடுகளைப் பற்றியது. கோட்டையைச் சுற்றியும், வலியசாலையிலும், கரமனையிலும் உள்ள அக்கிரகாரத் தெருக்களை நம்மில் அறியாதார் இலர். சுவரோடு சுவர் ஒட்டி, திண்ணையும் ஓட்டுக் கூரையுமாக நீண்டு கிடந்த அவ்வரிசைகளில், இன்று இடையிடையே அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஒரு வீடு இடிக்கப்பட்டதும் பக்கத்து வீட்டின் சுவர் துணையிழந்து நிற்கிறது. சில ஆண்டுகளில் அதுவும் விழுகிறது. கண்டு வருந்துகிறோம். ‘விற்றவர்களுக்கு மனம் எப்படி வந்தது?’ என்று கேட்கவும் கேட்கிறோம்.

அங்ஙனம் கேட்பவர் பெரும்பாலும் எங்கே குடியிருக்கின்றனர்? காற்றோட்டமும் வண்டி நிறுத்த இடமும் உள்ள புதிய வீட்டில். ஒழுகும் ஓட்டைக் கடந்த பருவமழையில் மாற்றியவரும், கரையான் அரித்த உத்தரத்திற்கு ஈடாகத் தேக்குமரம் வாங்க முடியாமல் இரும்பை வைத்தவரும், நான்கு ஊர்களில் சிதறிய பங்காளிகளின் கையொப்பத்திற்காக அலைந்தவரும் வேறு ஆட்கள். நம்முடைய நினைவின் இனிமைக்காக அவர்கள் மழையில் நனைந்திருக்க வேண்டும் என்று விரும்புவது அறமாகுமா? ஊருக்குப் பொதுவான அழகென்றால், அதன் செலவும் ஊருக்குப் பொதுவாதல் வேண்டும். பழுது பார்க்கப் பொருளுதவியும் வரிச்சலுகையும் தராமல், இடிக்காதே என்று மட்டும் சொல்லும் சட்டம் ஏழையின் முதுகில் ஏற்றிய சுமையே.

கட்டடம் பிழைத்தாலே போதும் என்பாரும் உளர். அவர்கள் பினாங்கின் ஜார்ஜ்டவுனை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குப் பல தலைமுறைகள் வாழ்ந்தன. வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கிய சட்டம் 2000-இன் தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது; வாடகை ஏற, எளிய குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் அந்நகருக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் சிறப்பும் கிட்டியது. சுவர்கள் பொலிவு பெற்றன. ஆனால் அச்சுவர்களுக்குள் சமைத்தும் விற்றும் வாழ்ந்தவர் பலர் அங்கில்லை. குருவி பறந்தபின் கூட்டிற்குப் பொன்முலாம் பூசியது போன்றதுதான்.

இனி மலைவழி. நெடுமங்காட்டில் கோயிக்கல் அரண்மனை. வேணாட்டு உமையம்மை ராணியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் நாலுகட்டு மாளிகை அது. தொல்பொருள் துறையினர் அதில் நாட்டுப்புறக் கலைப்பொருள்களுக்கும் நாணயங்களுக்கும் காட்சியகம் அமைத்துள்ளனர். நன்று. அதனைக் கடந்து விதுரை, கல்லாறு என்று சென்று, 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் பொன்முடி. இருமொழியினர்க்கும் ஒருங்கே பொருள் விளங்கும் பெயர்! நமக்கெல்லாம் முன்னரே இக்காடுகளில் வாழ்ந்த காணிக்காரர் மூங்கிலாலும் ஓலையாலும் குடில் கட்டினர். அவை மண்ணோடு மண்ணாயின. கட்டடத்தை மட்டுமே வரலாறு என்று கொண்டால், அவர்க்கு வரலாறே இல்லை என்றாகிவிடும். அது தனியே எண்ணத்தக்க செய்தி.

தேயிலைத் தோட்டங்களிடையே நிற்பவைதாம் லயங்கள். ஒரே நீண்ட கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். குடும்பத்திற்கு ஒரு சிறு அறை, ஓர் அடுப்படி. ஒரு வீட்டின் இருமல் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். கேரள மலைத்தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தவருள் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகளின் பின்னால் மலையேறியவர்களின் வழிவந்தோர் பலர். தொழிலாளர்க்கு வீடு தருவதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. கடமை ஏட்டில் இருந்தது, கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

பழமை காப்போரின் வழக்கமான வாதங்கள் இவ்விடத்தில் தலைகீழாகின்றன. லயமும் நூற்றாண்டுப் பழமை உடையதே. அதுவும் வரலாற்றுச் சின்னமே. பனி படர்ந்த பச்சைச் சரிவில் அந்த ஓட்டுக்கூரை வரிசை, வந்துபோகும் பயணியின் படக்கருவிக்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர்க்கு அதனைக் காக்கும் விருப்பம் எங்ஙனம் வரும்? 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மாண்டவர் 70 பேர். அவருட் பெரும்பாலோர் தமிழர். உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். அவ்விரவிற்குப் பின், லயத்தின் அழகைப் பற்றிப் பேச நமக்கு நாவெழவில்லை.

அப்படியாயின் அனைத்தையும் இடித்துவிடலாமா? இடித்தால் மலையில் எஞ்சுவது துரையின் பங்களா ஒன்றே. அதற்கு வண்ணம் பூசுவர், விடுதியாக்குவர், துரை அருந்திய தேநீரின் மணத்தை விருந்தினர்க்கு விவரிப்பர். பொன்முடிக்கு அண்மையிலுள்ள போனக்காட்டில் தேயிலை ஆலை பல்லாண்டுகள் மூடிக்கிடந்தது. தொழிலாளர் இடிந்த லயங்களில் ஊதியமின்றி வாடினர். ஆயினும் வெளியார் அவ்வூரைத் தேடிச் சென்றது, பழைய பங்களா ஒன்றில் பேய் உலவுகிறது என்னும் கதையைக் கேட்டு! இல்லாத பேயைக் காண வந்தவர்க்கு, இருந்த மனிதர் கண்ணில் படவில்லை.

நம்மவரிடமும் ஒரு தயக்கம் உண்டு. படித்து, நகரில் அலுவல் பெற்றபின், தாத்தா கொழுந்துக் கூடை சுமந்தார், பாட்டி லயத்தில் பிள்ளை பெற்றாள் என்று சொல்லிக்கொள்ள நாணுகிறோம். சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்நகரின் வலியசாலையே என்று அறிஞர் சிலர் கூறுவதை மட்டும் மேடைதோறும் முழங்குகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படையோடு வந்தவனை உறவு கொண்டாடிவிட்டு, நேற்றுக் கூடையோடு வந்தவளை மறைப்பது எவ்வகைப் பெருமை?

முதலில் வீடு; பின்னரே நினைவுச்சின்னம். இவ்வரிசை மாறலாகாது. பாதுகாப்பான நிலத்தில் தம் பெயரில் வீடு பெற்றுக் குடும்பங்கள் வெளியேறிய பிறகு, அவர்கள் இசைந்தால், ஒரே ஒரு லயத்தை நிறுத்தி வைக்கலாம். இது கனவன்று. இலங்கையின் கம்பளைக்கு அருகே, பழைய லயன் அறைகளையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007-இல் மாற்றினர். அரசனின் வாளுக்கு உரிய மதிப்போடு உழைத்தவரின் கருவிகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

தமிழ்க் கூலிகளின் குடியிருப்பைக் கேரளம் ஏன் பேண வேண்டும் என்று எவரேனும் கேட்பின், பத்மநாபபுரத்தைச் சுட்டலாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையோ இன்றளவும் கேரளத் தொல்பொருள் துறையின் பொறுப்பில் இருக்கிறது. தமிழ் மண்ணில் நிற்கும் மாளிகையின் மரத்தூண்களை மலையாளக் கைகள் துடைக்கின்றன. எவரும் குறை சொல்வதில்லை. அங்ஙனமே பொன்முடிச் சரிவில் ஒரு லயத்திற்கும் காவல் கேட்பது பொருந்தாத வேண்டுகோள் அன்று. எதை நிறுத்துவது, எந்த அறையில் எதை வைப்பது என்பதை வல்லுநர் முடிவு செய்வதற்கு முன்னர், அங்கே பிறந்து வளர்ந்த முதியோரிடம் கேட்க வேண்டும். அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எவ்வழியே வந்தனர் என்பதைக் குறித்து வைக்கும் பணிக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறச் சில இளைஞரும் இருந்தால் நம் சங்கமே தொடங்கிவிடலாம்.