எறும்பினது ஒற்றுமை அறமாகுமோ?

நம்முடைய பாடசாலைகளிலே சிறுபிள்ளைகளுக்கு முயற்சியையும் ஒற்றுமையையும் போதிக்கப் புகும் உபாத்தியாயர்கள் முதலில் எடுத்துக்காட்டும் உயிர் எறும்பேயாம். எறும்பூரக் கல்லுந் தேயும் என்னும் பழமொழி எல்லார்க்குந் தெரிந்தது. கோடையிற் பாடித்திரிந்த வெட்டுக்கிளி மாரியிற் பசியால் வாடியதும், இரை சேர்த்துவைத்த எறும்பு சுகித்திருந்ததுமாகிய கதை, மேனாட்டினின்றும் வந்து நமது வாசகபுத்தகங்களிலும் இடம்பெற்றுவிட்டது. இவற்றைக் கேட்டு வளரும் பிள்ளை, எறும்பைப் போல இருத்தலே நல்லொழுக்கத்தின் சுருக்கம் என்று கொள்ளும். எறும்பு செய்வது அறந்தானா, அதன் ஒற்றுமை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க ஒற்றுமைதானா என்று ஆராயாமல் இவ்வுவமையைக் கையாளுதல் உபாத்தியாயர்க்குத் தகுவதன்று.

ஆராய்தற்பொருட்டுத் தூரம் போகவேண்டுவதில்லை. நமது வளவுகளில் நிற்கும் மாமரங்களிலே முசுறு என்னும் செவ்வெறும்பு குடியிருக்கின்றது. கறுத்தக்கொழும்பான் பறிக்க ஏறினவர்கள் அதன் கடியை நன்கறிவர். கடித்த காயத்திலே அது அமிலத்தையும் விட்டுவிடும். அது நிலத்திலே வளை தோண்டுவதில்லை. பச்சையிலைகளைப் பொருத்திக் கூடு கட்டும். கட்டும் விதம் வியக்கத்தக்கது. இரண்டிலைகளுக்கு நடுவே ஓரெறும்பின் உடல் எட்டாத இடைவெளியிருந்தால், ஒன்றின் இடையை மற்றொன்று கவ்வ, அதனிடையை வேறொன்று கவ்வ, இவ்வாறு சங்கிலிபோலத் தொடர்ந்து நின்று அவ்விலையை இழுக்கும். விளிம்புகள் நெருங்கியபின், வேறு சில எறும்புகள் தம் புழுக்களை வாயிலே கொண்டுவந்து, தையற்காரன் ஊசியைப் பிடிப்பதுபோலப் பிடித்து, அங்குமிங்கும் மாறி மாறித் தொடுவிக்கும். புழுவின் வாயிலிருந்து பட்டு நூல் சுரந்து இலைகளை ஒட்டும். மற்றுப் பல எறும்பினங்களின் புழுக்கள் அந்நூலாலே தமக்கு ஒரு கூடு செய்து அதனுள்ளிருந்து உருமாறும். முசுறின் புழுவோ நூலைப் பொதுவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் வெறுமேனியாய் உருமாறுகின்றது. ஒரு குடி ஒரு கூட்டோடு நில்லாது பல மரங்களிற் பல கூடுகளாகப் பரந்து ஐந்து இலட்சம் எறும்புகள் வரை பெருகும். இவை மரத்திலுள்ள மற்றைப் பூச்சிகளைப் பிடித்துண்ணுதலால், சீன தேசத்தார் இவற்றின் கூடுகளை விலைக்கு வாங்கித் தோடை மரங்களிலே கட்டிவந்தனர், இச்செய்தி கி.பி. 304ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் சீன நூலொன்றிலே காணப்படுகின்றது.

இத்துணைப் பெரிய குடியை ஆள்பவர் யார் எனின், ஒருவருமிலர். அரசி என்று நாம் சொல்லும் எறும்பு முட்டையிடுவதன்றி ஏவல் யாதுஞ் செய்வதில்லை. அரசி, சேவகர், படை என்னும் பெயர்களெல்லாம் நம்முடைய வழக்கங்களை எறும்பின்மேல் ஏற்றி நாம் இட்டவைகளேயாம். ஏவுவாரில்லாமல் இவ்வளவும் எங்ஙனம் நிகழுமெனில், நாற்றத்தினாலே நிகழும்.

தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை அறிவினால் வகுக்குமிடத்து, எறும்பையும் கறையானையும் மூவறிவுயிராக வைத்தார். ஊறு, சுவை, நாற்றம் என்னும் மூன்றே அவற்றுக்குரியன. கண்ணையுஞ் செவியையும் அவர் கொடுத்திலர். நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்தோர் எறும்புகளிற் பெரும்பாலனவற்றுக்குக் கண் உண்டென்றும், முசுறு நன்றாகவே காணுமென்றும் காட்டியுள்ளார்கள். ஆயினும், மூன்றனுள் முடிவாக நாற்றத்தை நிறுத்திய அப்பழைய வகுப்பு எறும்பின் வாழ்வுக்கு எத்துணைப் பொருத்தமாயிற்றென்பது நினைக்குந்தோறும் வியப்பைத் தருகின்றது. இரையைக் கண்ட எறும்பு வீடு திரும்பும்போது வயிற்றை நிலத்திலே தேய்த்து ஒருவகை நாற்றத்தை இட்டு வரும். மற்றவை அதனைப் பற்றிச் செல்லும். செல்வனவும் தாம் தாம் சிறிது இடும். பதினெட்டாம் நூற்றாண்டிலே சுவிற்சர்லாந்து தேசத்துப் போனே என்பவர், எறும்பொழுக்கின் குறுக்கே தம் விரலாலே துடைத்தார். எறும்புகள் அவ்விடத்தில் மதிலைக் கண்டவைபோலத் தயங்கி நின்றன. இதனை எந்தப் பாடசாலை முற்றத்திலும் செய்து காணலாம். 1959ஆம் ஆண்டிலே அமெரிக்கராகிய எட்வேட் வில்சன், நெருப்பெறும்பின் உடலிலுள்ள நுண்ணிய சுரப்பி ஒன்றை எடுத்துத் தாம் விரும்பிய திசையிலே தீற்ற, எறும்புகள் அத்திசையே திரண்டு வந்தன. இரையில்லாத இடத்துக்கும் வந்தன.

இனி, எறும்பு ஓயாத உழைப்பாளி என்னும் புகழ்ச்சியைப் பற்றிச் சிறிது. 2015இல் அமெரிக்காவிலே சிற்றெறும்புகளுக்கு நிறப்புள்ளியிட்டுப் பல நாள் நோக்கினவர்கள், அவற்றுட் பெரும்பங்கு யாதொரு தொழிலுமின்றி வாளா இருந்ததைக் கண்டார்கள். அவை சேமிப்புப் படைபோலும் என்பது ஓர் ஊகம். வெட்டுக்கிளிக் கதையைச் சொல்லும் உபாத்தியாயர் இதனையும் அறிந்து சொல்லுதல் நன்று.

ஒற்றுமையைப் பற்றியதே கனமான வினா. எறும்பின் தோலிலே எண்ணெய்ப்பசை போன்ற ஒரு படலம் உண்டு. அதன் நாற்றம் குடிக்குக் குடி வேறுபடும். எதிர்ப்பட்ட எறும்பை மற்றது தன் உணர்கொம்பினாலே தடவி, தன் குடியின் நாற்றமாயின் விட்டுவிடும். பிறிதாயின் பெரும்பாலும் கடிக்கும். வந்தது வலியதோ மெலியதோ, தீங்கு செய்ய வந்ததோ வழி தப்பி வந்ததோ என்னும் விசாரணை அங்கே இல்லை. இதனை 1958இல் வில்சனும் அவரோடு கூடினவர்களும் செய்த ஒரு பரீட்சை மிகத் தெளிவாகக் காட்டும். இறந்த எறும்பின் உடலிலே இரண்டொரு நாளில் ஒலெயிக் அமிலம் என்னும் ஒரு பொருள் தோன்றுகின்றது. அந்நாற்றம் பட்டவுடன் மற்றையெறும்புகள் அவ்வுடலைத் தூக்கிச்சென்று குப்பையிலே போடும். அவர்கள் அவ்வமிலத்தை உயிருள்ள எறும்பின்மேற் பூசினார்கள். அது நடந்துகொண்டிருக்கவே, உடன்பிறந்த எறும்புகள் அதனைத் தூக்கின. அது காலை உதறிற்று. உதறியும் விட்டிலவாய்க் குப்பையிலே கொண்டுபோய் எறிந்தன. அது எழுந்து திரும்பிவர மறுபடியும் தூக்கிச்சென்றன. தன்னைத் துடைத்து நாற்றம் நீங்கும்வரையும் அதற்கு வீட்டிலே இடமில்லையாயிற்று. உயிரோடிருக்கின்றது என்பதற்குக் கால் உதறுதலினும் பெரிய சான்று யாது வேண்டும்? மூவறிவுயிருக்கு அச்சான்று எட்டவில்லை. எறும்பை நாம் நோவது நியாயமன்று.

முசுறுகளின் அயற்பகையும் இவ்வாறே. ஒரு குடியின் எல்லையும் மற்றொரு குடியின் எல்லையும் சந்திக்கும் மரங்களிலே காவற்கூடுகள் உண்டு. ஹோல்டொப்ளர் என்னும் அறிஞர் 1983இல் எழுதியபடி, அவ்வெல்லைக் கூடுகளிலே வசிப்பவை பெரும்பாலும் வயது முதிர்ந்த எறும்புகள். சாவுக்கு அணித்தானவைகளைச் சாவு நேருமிடத்திலே நிறுத்துவது அக்குடிக்கு இலாபம். பின்னர் 2010இல் அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்திலே ஆராய்ந்தவர்கள் வேறொன்று கண்டனர். முசுறுகள் தொலைவிலுள்ள அந்நியக் குடியைக் காட்டினும் பக்கத்துக் குடியையே மிகுதியாகப் பகைக்கின்றன; அயலாரின் நாற்றத்தைக் குடி முழுவதும் நினைவில் வைத்திருக்கின்றது. கதியால் வேலியை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியிறங்கும் நம்மவர்க்கு இஃது ஆச்சரியமாகத் தோன்றாது.

ஆகவே, எறும்பின் ஒற்றுமை என்பது அகத்தாரோடு இணக்கமும் புறத்தாரோடு பகையுமாகிய ஒரே பொருள்; ஒன்றை விட்டு மற்றதைப் பெற அதனால் இயலாது. ஆன்மாவுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றையுங் கூறும் நாம், அறம் என்பதை அம்மூன்றும் கூடிய செயலுக்கே சொல்லல் வேண்டும். செய்யாதுவிடவுங் கூடியவன் அறிந்து செய்வதே அறம். நூலைப் பொதுவுக்கீந்த புழுவை ஈகையாளன் என்று புகழ்வதும், உயிருள்ள உடன்பிறப்பைக் குப்பையில் எறிந்த எறும்பைக் கொடியது என்று இகழ்வதும் ஒரு தன்மையான பிழைகளாம்.

அற்றன்று, எறும்பினிடத்தும் இரக்கம் உண்டென்பாருமுளர். ஆபிரிக்காவிலே கறையான்மேற் படையெடுக்கும் ஓர் எறும்பினம் காயப்பட்டவைகளைச் சுமந்து வீடு சேர்க்குமென்பதும், சேர்ந்தவை பெரும்பாலும் பிழைத்து மீண்டும் படைக்குச் செல்லுமென்பதும் 2017இல் வெளியான ஆராய்ச்சி. அழகிய செய்திதான். ஆயின், சுமக்கப்படுவது தன் குடியின் எறும்பே. ஹாமில்டன் என்பவர் 1964இல் விளக்கியவாறு, எறும்புகளிலே ஒரு தாயும் ஒரு தந்தையும் உடைய சகோதரிகளுக்குள் பிறப்புரிமைக்கூறு முக்காற்பங்கு பொதுவாயிருக்கும். நம்மிலே அது அரைப்பங்கு. உறவு காரணமான உதவி எவ்வுயிர்க்கும் எளிது. உறவல்லாதார்க்கு உதவுதலைப் பிள்ளைகளுக்குக் காட்டுதற்கு எறும்பிலே உவமை தேடுதல் வீண்.

இவ்விடத்தில் 1903ஆம் ஆண்டின் ஒரு பரீட்சையை உபாத்தியாயர்கள் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். சீன தேசத்திலே பல்லாண்டு தொண்டு செய்து பின் அமெரிக்கா திரும்பி எறும்பாராய்ச்சியிற் புகுந்த அடேல் பீல்ட் என்னும் அம்மையார், வெவ்வேறினத்து எறும்புகளை, அவை உருமாறி வெளிப்பட்ட புதிதிலேயே, ஒரே கூட்டில் இட்டு வளர்த்தார். இயல்பிலே கண்டவிடத்துக் கொல்லும் இனங்கள், ஒருங்கு வளர்ந்தமையால் ஒன்றையொன்று கடியாது ஒருமித்து வாழ்ந்தன. எது தன் நாற்றம் என்பதையும் இளமையிலேதான் எறும்பு பழகிக்கொள்கின்றது.

நமது நாட்டிலே 1930ஐ ஒட்டிய காலத்தில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்தல் வேண்டுமென்று விதிக்கப்பட்டபொழுது, யாழ்ப்பாணத்திலே பாடசாலைகள் தீயிடப்பட்டன. வாங்கிலே இருப்பதற்கு வந்த பிள்ளைகளை நிலத்திலிருத்தல் வேண்டுமென்று சொன்னவர்கள் ஒற்றுமையில்லாதவர்களல்லர். தமக்குள்ளே மிக ஒற்றுமையுடையவர்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தபின்பும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அடியார் சிலர் உள்ளே விடப்படாது தடுக்கப்பட்டனர். தடுத்தவர்களும் கைகோத்து நின்றே தடுத்தார்கள். ஆறறிவு படைத்த நமக்கு, எதிரே நிற்பவன் உயிரோடிருக்கின்றான் என்பது கண்ணாலுந் தெரியும், செவியாலுந் தெரியும், மனத்தாலுந் தெரியும். எறும்புக்குள்ள சாட்டு நமக்கு இல்லை. “ஒற்றுமையாயிருங்கள்” என்று வகுப்பிலே சொல்லி நிறுத்திவிடும் உபாத்தியாயர், யாரோடு என்பதைச் சொல்லாமல் விட்டவராவர். சொல்லாமல் விட்டதைப் பிள்ளை வீட்டிலும் ஒழுங்கையிலும் கேட்டு நிரப்பிக்கொள்ளும்.

எறும்பைப் பாடத்தினின்றும் நீக்கிவிடுக என்பது நம் கருத்தன்று. புறநானூற்றின் 173ஆம் பாட்டைக் கற்பிக்கலாம். அது சோழன் கிள்ளிவளவன், சிறுகுடியிலிருந்த பண்ணன் என்பவனைக் குறித்துப் பாடியது. முடியுடை வேந்தன் ஓர் ஊர்க்கிழவனைப் பாடியதே அரிது. மழை வரும் பருவத்திலே முட்டைகளைக் கௌவிக்கொண்டு மேட்டுநிலம் நோக்கி நிரையாய்ச் செல்லும் சிற்றெறும்புகளைப் போல, பண்ணன் வீட்டிலே பெற்ற சோற்றைக் கையிலேந்திச் சிறுவர்கள் வரிசை வரிசையாகச் செல்வதை அவன் கண்டான். கண்டும் பண்ணன் வீடு அணித்தோ சேய்த்தோ என்று வழிப்போவாரை வினவுகின்றான். முட்டையென அங்கே சொல்லப்பட்டவற்றுட் பல புழுவுங் கூட்டுப்புழுவுமாகலாம், அதனாற் குறையொன்றுமில்லை. அவ்வுவமையிலே எறும்பாக வருபவர்கள் சிறுவர்கள் மாத்திரமே. பண்ணனுக்கு எறும்பிலே உவமை சொல்லப்படவில்லை. அவன் வாயிலுக்கு வந்த பிள்ளைகள் எக்குடியினர் என்பதும் அப்பாட்டிலே எங்கும் சொல்லப்படவில்லை.