கேளாமல் எடுத்த ரத்தம்

1952இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல் பண்பு இருக்கிறது என்பதுதான் அதன் செய்தி. அதுவரை ஆப்பிரிக்க வழிவந்தவர்களின் நோய் என்றே பெரிதும் கருதப்பட்டுவந்த ஒன்று, உதகையைச் சுற்றிய காடுகளிலும் இருந்தது. லேமன் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜி ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவுக்கு வந்து சோகை நோயை ஆராய்ந்தவர். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1963இல், அவரே வேறு இருவருடன் சேர்ந்து சவூதி அரேபிய மக்களிடையே அரிவாள் செல் பரவியிருப்பதை 'நேச்சர்' இதழில் எழுதினார்.

நீலகிரிக்கும் அரேபியப் பாலைச் சோலைகளுக்கும் இடையிலான இந்தக் கோடு தற்செயலானதல்ல என்பது பிறகு தெரிந்தது. அந்த மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. அமைப்பு, கிழக்கு சவூதியிலும் ஒடிசாவிலும் ஒன்றாக இருப்பதை 1986இல் ஓர் ஆய்வு காட்டியது. நீலகிரியிலும் அதுவே. அதற்கு 'அரபு-இந்திய' வகை என்று பெயர். வளைகுடாவில் பதினைந்து ஆண்டுகளாகப் பிழைக்கும் எனக்கு, நம் ஊருக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு எண்ணெய்க்குப் பிறகு வந்தது என்ற எண்ணம்தான் இருந்தது. ரத்தத்தில் வேறு கணக்கு எழுதியிருக்கிறது.

இந்த வகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கருவில் இருக்கும்போது நம் எல்லோருடைய ரத்தத்திலும் கரு ஹீமோகுளோபின் என்ற ஒன்று ஓடுகிறது. பிறந்த சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களின் ஹீமோகுளோபின் வந்துவிடும். கரு ஹீமோகுளோபின் இருக்கும்வரை சிவப்பணுக்கள் அவ்வளவாக அரிவாள்போல் வளைவதில்லை. பச்சிளங் குழந்தைகளைக் கவனித்து இதை 1948இல் சொன்னவர் ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். அரபு-இந்திய வகை உள்ள பலருக்கு வளர்ந்த பிறகும் அந்தக் கரு ஹீமோகுளோபின் ஓரளவு எஞ்சியிருக்கிறது. அதனால் நோயின் கடுமையும் குறைகிறது. அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் மருத்துவர் ரிச்சர்ட் பெரைன் இதை நேரில் கண்டார். 1978இல் அவரும் சகாக்களும் 270 சவூதி நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அப்படியானால், கரு ஹீமோகுளோபினை அணைக்கும் விசை எது, அதை அணையாமல் வைக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. 2008இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் முதலானோர், பிசிஎல்11ஏ என்ற மரபணுவே அந்த விசை என்று காட்டினர். அந்த விசையைக் கிரிஸ்பர் முறையில் தளர்த்தும் 'காஸ்ஜெவி' சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது. அடுத்த மாதமே பஹ்ரைன் அனுமதித்தது. 2024 தொடக்கத்தில் சவூதியும் அனுமதித்தது. அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர்.

இப்போது என் கேள்வி. நீலகிரியிலும் கத்தீஃபிலும் ரத்தம் கொடுத்தவர்களுக்கு மருத்துவ அறிவியல் ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா?

இல்லை என்பவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. முதலாவதாக, அவர்கள் எதையும் செய்யவில்லை. தம் உடலில் இருந்ததை விரல் நுனியில் ஒரு குத்தாகக் கொடுத்தார்கள். கொடுக்கும் எண்ணம் இல்லாத இடத்தில் கொடை இல்லை. கொடை இல்லாத இடத்தில் நன்றி எதற்கு? இரண்டாவதாக, பாதை நேரானதல்ல. பிசிஎல்11ஏவைச் சுட்டிக்காட்டிய மரபணுத் தேடல்களில் முக்கியமானவை ஐரோப்பாவிலும் சார்டினியாத் தீவிலும் நடந்தவை. நீலகிரியில் தொடங்கிப் பாஸ்டனில் முடியும் ஒற்றைக் கயிறு கிடையாது; பல இழைகள் சேர்ந்த கயிற்றில் நீலகிரி ஓர் இழை. மூன்றாவதாக, அறிவு பொதுச் சொத்து. இன்று விலை அதிகம், நாளை குறையும். அலைபேசியும் அப்படித்தான் வந்தது.

மூன்றாவது வாதத்தை என் தொழில் காரணமாகவே என்னால் ஏற்க முடிவதில்லை. மருத்துவமனைகளுக்குத் தரவு அமைப்புகளை வடிவமைப்பது என் வேலை. ஒவ்வொரு திட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு அட்டவணை நிரப்புவோம்: எந்தத் தரவு, யார் உரிமையாளர், யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம். ஆய்வகத் தரவுக்கு உரிமையாளர் ஆய்வகம். கட்டணத் தரவுக்கு நிதிப்பிரிவு. நான் பணிபுரிந்த திட்டங்களில், ரத்தத்துக்கு உரியவர் அந்த உரிமையாளர் பத்தியில் வந்து பார்த்ததில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் விடுவதில்லை. அந்தப் பத்தி அதற்கானது அல்ல, அவ்வளவுதான். ஆனால் திரும்பிப் போகும் வழி வரையப்படாத இடத்தில் எதுவும் தானாகத் திரும்பிப் போகாது. அறிவு பொதுச் சொத்தாக இருக்கலாம். அது ஓடும் வாய்க்கால்களை யாரோ வெட்டுகிறார்கள்.

முதல் வாதத்துக்கு வருகிறேன். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வைத்தார். நம் மரபில் நன்றி என்பது பெரும்பாலும் உதவி செய்தவரின் மனத்தைப் பார்த்தே அளக்கப்படுகிறது. அந்த அளவுகோல் இங்கே பொருந்தவில்லை என்பது உண்மைதான். ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதம் பற்றி மருத்துவ உலகம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனமே 1964இல்தான் வந்தது. பழைய ஆய்வுகளில் ரத்தம் கேட்டுப் பெற்ற கொடையாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கொடை அல்ல என்றால், அது வேறு என்ன? எண்ணமில்லாமல் வந்த பொருளை நாம் பயன்படுத்திக்கொண்டால் அதற்கு நன்றி தேவையில்லாமல் போகலாம். கணக்கு தேவையில்லாமல் போவதில்லை. பக்கத்து வீட்டு மாமரக் கிளை நம் முற்றத்தில் உதிர்த்த பழத்தைத் தின்பதில் தவறில்லை. அந்தப் பழத்தின் கொட்டையிலிருந்து தோப்பு வளர்த்து விற்பவன், பக்கத்து வீட்டில் பசி என்று தெரிந்தும் கதவைச் சாத்தினால், அவனைப் பற்றி ஊர் பேசத்தான் செய்யும்.

1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்த் திசு அவர் அறியாமல் ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. அந்தச் செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்தன. 2023இல் அவருடைய குடும்பத்தினரோடு ஒரு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அங்கே ஒரு பெயர் இருந்தது, வாரிசுகள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒரு மலை முழுவதும் கொடுத்த ரத்தத்துக்கு வழக்குத் தொடுக்க யாரும் இல்லை. ஆனால் இங்கே வேறொன்று இருக்கிறது. பொதுவாகக் கடன் கொடுத்தவர் இறந்தால், உரிமை கோருபவர் யார் என்ற குழப்பம் வரும். பரம்பரை நோயில் அந்தக் குழப்பம் இல்லை. எந்த மரபணு ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டதோ, அதே மரபணுவோடு பேரனும் பேத்தியும் பிறக்கிறார்கள். நோயே வாரிசுச் சான்றிதழ்.

இரண்டாவது வாதம், இழைகள் பல என்பது, கடனின் அளவைக் குறைக்கும், கடனை அழிக்காது. அதைவிட, அந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. அந்த மக்களிடமிருந்து மருத்துவம் பெற்றது தகவல் மட்டுமல்ல. அவர்களைப் பற்றி ஒரு சொல்லையும் சொல்லிவிட்டுப் போனது. 1972இல் 'லான்செட்' இதழில் பெரைனும் சகாக்களும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்த நோய் 'தீங்கற்ற அரிவாள் செல் சோகை' என்றானது. ஆப்பிரிக்க வகையோடு ஒப்பிட அது நியாயமான சொல். ஆனால் ஒப்பீடு கட்டுரையில் தங்கிவிடும். சொல் ஊருக்குள் போய்விடும். அல் ஹசாவைச் சேர்ந்த ஒருவர் என்னோடு வேலை செய்தார். குளிரூட்டிய கூட்ட அறையில்கூட எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு உட்காருவார். வருடத்தில் மூன்று நான்கு முறை காணாமல் போய்விடுவார். ஒருநாள் அவரே சொன்னார்: "எங்கள் பக்கத்து வகை இலேசானது என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள், அண்ணா. அந்த இரவுகளில் என் முதுகுக்கு அது தெரிவதில்லை." அறிவியல் சராசரியைப் பற்றிப் பேசியது. அவர் சராசரியாக வலிக்கவில்லை.

வளைகுடாவில் வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. விசா புதுப்பிக்கும்போதெல்லாம் மெடிக்கல் மையத்தில் வரிசையில் நின்று கையை நீட்டுகிறோம். அந்த ரத்தம் நம் நலத்துக்காக எடுக்கப்படுவதல்ல. நாம் இங்கே இருக்கலாமா என்று முடிவு செய்ய எடுக்கப்படுவது. ஒரு நாட்டுக்கு அந்த உரிமை உண்டு. நானும் அதை ஒப்புக்கொண்டுதான் வந்தேன். அதே நாடு தன் குடிமக்களுக்காக இன்னொரு வகையில் ரத்தம் எடுக்கிறது. அமீரக மரபணுத் திட்டம் குடிமக்களின் மரபணுத் தொகுதிகளைச் சேகரிக்கிறது. 2025 ஜனவரி முதல், திருமணம் செய்யும் அமீரகக் குடிமக்களுக்கு மரபணுச் சோதனை கட்டாயம். அங்கே எடுத்தது திரும்பி வருவதற்கு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது. தன் மக்களுக்கு ஓர் அரசு செய்ய வேண்டியதுதான் அது. என் குறை அதில் இல்லை. மரபணு பாஸ்போர்ட் பார்த்துப் பரவவில்லை. அதைப் பற்றிய அறிவின் பலன் மட்டும் பாஸ்போர்ட் பார்த்துத் திரும்புகிறது என்பதே நான் கவனிக்கச் சொல்வது.

சரி, என்ன கொடுத்தால் கடன் தீரும்? கூடலூர்ப் பக்கத்துப் பணியர் குடும்பத்துக்கு 22 லட்சம் டாலர் சிகிச்சை வேண்டும் என்று நான் வாதிடப் போவதில்லை. அந்தச் சிகிச்சைக்கு முன் கடுமையான வேதிச்சிகிச்சை உண்டு, வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம் உண்டு. அதற்கு முன்பே செய்யக் கூடியவை இருக்கின்றன. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 1998இலேயே இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்டது, விலை குறைவு, ஆனால் ரத்தத்தை அடிக்கடி சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அதாவது தேவைப்படுவது அதிசயமல்ல, தொடர்ச்சி. கூடலூரில் பழங்குடி மக்களுக்காக நடக்கும் அஷ்வினி மருத்துவமனை போன்ற இடங்கள் செய்துவருவது இந்தத் தொடர்ச்சியைத்தான். அந்த வேலையில் நோபல் பரிசுக்கு உரிய கணம் எதுவும் வராது.

இந்தியா 2023 ஜூலையில் அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைச் சோதிப்பதும் 2047க்குள் ஒழிப்பதும் இலக்கு. நல்ல காரியம். ஆனாலும் 'ஒழிப்பு' என்ற சொல்லில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சவூதியில் 2004இல் திருமணத்துக்கு முந்தைய சோதனை கட்டாயமானது. அந்த ஆண்டில், ஆபத்து உள்ள இணைகளில் 9 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோரே திருமணத்தைக் கைவிட்டனர். 2009இல் பாதிக்கு மேல் கைவிட்டனர். இதை வெற்றியாகவே எழுதினார்கள். வெற்றிதான். ஆனால் பிறக்காத நோயாளிகளை மட்டும் எண்ணும் திட்டம், ஏற்கெனவே பிறந்துவிட்டவரிடம் 'உன்னைப் போல் இன்னொருவர் வராமல் பார்த்துக்கொள்கிறோம்' என்று மட்டும் சொல்லும் ஆபத்தில் இருக்கிறது. ரத்தம் எடுத்தவர்கள் கடனைப் புத்திமதியாகத் திருப்பித் தரக் கூடாது. சோதனையும் மாத்திரையும் ஒரே கதவில் கிடைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. அரிவாள் செல் சோகையோடு பிறக்கும் குழந்தையை முதல் சில மாதங்கள் அதன் கரு ஹீமோகுளோபின் காக்கிறது. ஜேனட் வாட்சன் கவனித்த அதே பாதுகாப்பு. அது கத்தீஃப் குழந்தைக்கும் உண்டு, பந்தலூர்க் குழந்தைக்கும் உண்டு. பிறகு அது வடியத் தொடங்கும். அதற்குள் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, வீட்டைத் தேடிப் போய், தாயிடம் அவளுடைய மொழியில் விஷயத்தைச் சொல்லி, மறுபடி வரும் தேதியையும் சொல்லிவிட்டு வரவேண்டும். அந்த ஒரு சொட்டாவது எடுத்த இடத்துக்கே திரும்பிப் போன ரத்தமாக இருக்கும்.