வேறு வண்டியில் நேர்ந்த விபத்து

பிரிட்டனில் சொந்தக் கார் வைத்திருக்கும் ஒருவர், ஒரு சனிக்கிழமை நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்துக் காரின் கதவை நசுக்கிவிடுகிறார். நண்பரின் இன்சூரன்ஸ் கம்பெனி செலவை ஏற்றுக்கொள்கிறது. சில மாதம் கழித்து, தன் காருக்குப் புதிய கம்பெனியில் பாலிசி எடுக்க உட்காரும்போது திரையில் ஒரு கேள்வி: கடந்த 5 ஆண்டுகளில், எந்த வண்டியிலாவது, யார் மேல் தவறு இருந்தாலும், விபத்தோ கிளைமோ உண்டா?

‘இல்லை’ என்று அழுத்தக் கை போகிறது. அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அவருடைய காரில் ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய பாலிசியிலிருந்து யாரும் ஒரு பவுண்டு வாங்கவில்லை. நோ கிளைம் போனஸ் அந்தந்தப் பாலிசியோடு போவது. ஆகவே குறைந்தது நண்பரின் போனஸ்தான். (நண்பருக்கு ஏற்பட்ட அந்த இழப்பை ஈடுகட்டச் சட்டம் இவரை வற்புறுத்தாமல் விடலாம். ஆனால் முதலில் தீர்க்கவேண்டிய கடன் அதுதான்.)

ஆனால் கேள்வி காரைப் பற்றியது அல்ல, ஓட்டுகிறவரைப் பற்றியது. நாளை தன் காரை ரிவர்ஸ் எடுக்கப்போவதும் அதே கைதான்.

கேட்காததையும் சொல்லியாக வேண்டுமா என்பது பழைய வழக்கு. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்த மார்ல்பரோ கோட்டையை அந்நியர் பிடித்துவிட்டால் பணம் தரவேண்டும் என்று அதன் ஆளுநர் கார்ட்டருக்காக லண்டனில் ஒரு காப்பீடு எடுக்கப்பட்டது. 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று காப்பீடு தந்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் தீர்ப்புச் சொன்ன மான்ஸ்ஃபீல்டு பிரபு, இரு தரப்பும் முழு நல்லெண்ணத்தோடு நடக்கவேண்டும் என்ற விதியை வகுத்தார். வெற்றியை மட்டும் கார்ட்டருக்கே கொடுத்தார். விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை விசாரிக்காமல் விட்டவர், பிறகு மறைத்துவிட்டாய் என்று புகார் சொல்ல முடியாது என்பது அதில் அடங்கிய பாடம்.

பின்னால் வந்தவர்கள் விதியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாடத்தை விட்டுவிட்டார்கள். 1906ஆம் ஆண்டின் கடல் காப்பீட்டுச் சட்டம், முக்கியமான எதையும் கேட்காமலே சொல்லும் கடமையைக் காப்பீடு எடுப்பவர் தலையில் வைத்தது. அதே கடமை மற்றக் காப்பீடுகளுக்கும் பொருந்தும் என்றாகி, 1975இல் ஒரு பெண் தன் நகைகளுக்காக 311 பவுண்டு கேட்டு வழக்காடித் தோற்றார். கணவர் குற்றத் தண்டனை பெற்றதை, யாரும் கேட்காதபோதும், புதுப்பிக்கும்போது அவர் சொல்லியிருக்கவேண்டுமாம். நீதிபதிகள் இரக்கப்பட்டுக்கொண்டே கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தார்கள். சாதாரண மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதி அது.

அதைச் சரிசெய்ய வந்ததுதான் 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம். 2013 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபின், கேட்காததற்குக் குற்றமில்லை. கேட்டதற்குத் தவறான பதில் தராமலிருக்கத் தக்க கவனம் எடுத்தால் போதும். கவனக்குறைவாகத் தவறியிருந்தால் பெரும்பாலும் அதற்கேற்ற அளவில்தான் குறைப்பு. 500 பவுண்டு பிரீமியம் கட்டவேண்டியவர் 400 கட்டியிருந்தால், கிளைமில் 80 சதவீதம் கிடைக்கும். தெரிந்தே பொய் சொன்னவருக்குப் பாலிசியே ரத்தாகலாம். புதுப்பிக்கும்போது, முன்பு தந்த விவரங்கள் இன்னும் சரிதானா என்று கம்பெனி கேட்டும் பதில் அனுப்பாமல் இருந்தால், அந்த மௌனமும் தவறான தகவலாக எண்ணப்படலாம்.

சட்டம் இவ்வளவு இறங்கிவந்தபின், தெளிவான கேள்விக்குப் பொய்யான பதில் தர என்ன நியாயம் மிஞ்சுகிறது? கம்பெனிகள் கொழுக்கின்றன என்பார்கள். ஆனால் குறைத்துக் கட்டிய பிரீமியத்தின் சுமை கம்பெனியோடு நிற்பதில்லை. உண்மையைச் சொல்லிக் கூடுதலாகக் கட்டும் மற்ற ஓட்டுநர்கள் மேலும் விழுகிறது. அவர்களில் இரவுப் பணிக்குப் போகும் செவிலியும் உண்டு, சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனும் உண்டு. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வேறு விஷயம். கம்பெனிகள் கிளைம் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தரவுத்தளம் 1990களிலிருந்தே இருக்கிறது. நண்பரின் பாலிசியில் பதிவானதும் அங்கே தெரியவரலாம். அது இல்லாவிட்டாலும் பொய் பொய்தான்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிக்னலில் சும்மா நின்றிருந்தவரைப் பின்னாலிருந்து வேறொருவர் இடித்தாலும், அதைச் சொன்னால் பிரீமியம் ஏறக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு மறுபடி விபத்து நேரும் வாய்ப்பு அதிகம் என்பது கம்பெனிகளின் கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கட்டும். தவறே செய்யாதவரிடம் அதற்காகப் பணம் வாங்குவது முறையல்ல. இதற்கு எதிராக முறையிடலாம், கம்பெனியை மாற்றலாம், பத்திரிகையில் எழுதலாம். பொய்யான பதிலில் அந்தக் குறை யார் காதுக்கும் எட்டாது.

கேட்கும் பக்கத்துக்கும் கடமை உண்டு. ‘ஏதேனும் சம்பவம் உண்டா’ என்று மட்டும் கேட்டுவிட்டு, அலுவலக வேனில் விழுந்த கீறலைச் சொல்லவில்லை என்று பிறகு கைவிரிப்பது நேர்மையாகாது. வேறு வண்டியும் சேரும், கிளைம் ஆகாததும் சேரும் என்றால் அதைக் கேள்வியிலேயே எழுதவேண்டும். தகராறு வந்தால் நிதி ஆம்புட்ஸ்மனிடம் செலவில்லாமல் போகலாம்; கேள்வி தெளிவாக இருந்ததா என்பது அங்கே பார்க்கப்படும்.

சந்தேகம் எஞ்சுகிற இடமும் உண்டு. கதவின் சொந்தக்காரர் அங்கேயே 50 பவுண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. படிவமோ ‘கிளைம்’ பற்றி மட்டும் கேட்கிறது என்றால், ‘இல்லை’ என்பது உண்மையான பதில். ‘விபத்து’ என்றும் கேட்டிருந்தால் ‘ஆம்’ என்று எழுதி, தேதியையும் நடந்ததையும் சேர்த்துத் தரவேண்டும்.