அடைக்கலப் பொருளும் காப்போரும்

ஒருவர் தம் பொருளைப் பிறரொருவரின் காவலில் வைக்கும்போது, பொருளோடு அதன்மீது தமக்குள்ள ஆட்சியின் ஒரு பகுதியையும் கைவிட்டு விடுகின்றார். பொன்னும் காணி உறுதியும் அடைக்கலப் பொருளாயிருந்த காலத்தில் இது எளிதில் விளங்கிற்று. இன்று மனிதரின் பேச்சும் நட்பும் பல்லாண்டு நினைவுகளும் முன்பின் அறியாத ஒருவரின் இயந்திரத்தில் ஒப்படைக்கப்படுகின்றன. ஆயினும், யாரிடம் ஒப்படைப்பது என்ற வினா பெரும்பாலும் எழுவதேயில்லை. ஊரார் அனைவரும் வைத்த இடத்தில் தாமும் வைத்தல் என்பதே வழக்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பதன் ஆபத்தை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிரதிகள் வேறிடங்களில் இருந்தவற்றைப் பின்னர் தேடிப் பெறல் கூடும். ஒற்றைப் பிரதியாயிருந்த ஏடுகளுக்கு அவ்வழியும் இல்லாது போயிற்று. இணையத்திலும் இதன் சாயலைக் காணலாம். 2018 மார்ச் மாதத்திலும், 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரல் மாதங்களிலும் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. சில பெருநிறுவனங்களின் வாயிலை அடைத்ததும் நாடு முழுவதன் உரையாடலும் தடைப்பட்டது.

இவ்வொருமுகப்பட்ட அமைப்புக்கு மாற்றாகத் தோன்றியவையே பரவலாக்கப்பட்ட சமூக வலைப்பின்னல்கள். அவற்றுட் பலரும் அறிந்த மாஸ்டடன் 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. இதற்கு ஒற்றை உரிமையாளர் இல்லை. சேர்வர் எனப்படும் வழங்கிகள் பல, வெவ்வேறு நாடுகளில், தனியாட்களாலும் சிறு குழுக்களாலும் நடத்தப்படுகின்றன. ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொரு வழங்கியில் இருப்பவரோடு தடையின்றிப் பேசலாம். ஒருவரின் பெயரோடு அவர் சேர்ந்துள்ள வழங்கியின் பெயரும் ஒட்டியே வரும். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர், நல்லூர் ஞானப்பிரகாசர் என ஆளை ஊரோடு சேர்த்தழைத்துப் பழகிய குடாநாட்டாருக்கு இம்முறை அந்நியமாய்த் தோன்றாது. ஆனால் ஊர் பிறப்பால் வாய்ப்பது. வழங்கியோ ஒருவர் தாமே தெரிந்து கொள்வது. தெரிவு என்று வந்தவிடத்துப் பொறுப்பும் உடன் வருகின்றது.

நம்பத்தக்கவரைத் தெரிவது எவ்வாறு? தமிழில் இவ்வினாவைத் தனியே எடுத்து ஆராய்ந்த பகுதி திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரமாகும். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஒருவரைச் சோதித்த பின்னரே தெளிதல் வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்து. இந்நான்கனுள் பொருளும் அச்சமும் வழங்கி நடத்துநருக்கு மிகவும் பொருந்துவன. இயந்திரத்துக்கான மாதச் செலவை அவர் எவ்வாறு ஈடுசெய்கின்றார்? பயனர் தரும் நன்கொடையாலா, தம் கைப்பணத்தாலா, பயனரின் விவரங்களை விற்றா? ஓர் அரசோ வன்முறைக் கும்பலோ அச்சுறுத்தினால் யாருடைய பக்கம் நிற்பார்? 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேறியபின், இரண்டாவது வினா இந்நாட்டில் வழங்கி நடத்த முனைவோருக்கு வெறுங் கற்பனையன்று.

எனினும் இங்கு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. அவ்வதிகாரம் கூறுவது அரசன் தன் வினைக்கு ஆளைத் தெரியும் முறையை. தெரிபவன் வலியவன், தெரியப்படுபவன் அவனுக்குக் கட்டுப்பட்டவன், பிழைத்தால் நீக்கிவிடலாம். வழங்கியைத் தெரியும் பயனரின் நிலை இதற்கு நேர்மாறானது. கணக்கை நீக்கவும், எழுதியதை அழிக்கவும், இயந்திரத்தையே நிறுத்தவும் வல்லவர் தெரியப்பட்டவரே. தெரிந்தவரால் இயல்வது வெளியேறுதல் ஒன்றுதான். எனவே காப்போரின் குணத்தைச் சோதிப்பதினும், வெளியேறும் வழி திறந்துள்ளதா என்று சோதிப்பதே பயனருக்கு முதன்மையானது.

குணம் மட்டும் போதாது என்பதற்குச் சிலப்பதிகாரத்து மாதரி சான்றாவாள். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது குற்றமற்ற ஒருத்தியிடத்திலேயே. மாதரி கடமையிற் சிறிதும் தவறவில்லை. ஆயினும் அடைக்கலம் காக்கப்படவில்லை. அத்துயர் தாங்காது அவள் தீப்புகுந்தாள். காப்போரின் நன்மைக்கும் காவலின் உறுதிக்கும் இடையே இத்துணைத் தொலைவு உண்டு. 2023 பெப்ரவரியில், ஏறத்தாழ 12,000 பேர் சேர்ந்திருந்த ஒரு மாஸ்டடன் வழங்கியை நடத்தியவர், தமக்கு வந்து குவிந்த வெறுப்புரைகளைத் தாங்கமாட்டாது அதனை மூடுவதாக அறிவித்தார். 2024 பெப்ரவரியில், ஆப்கானிஸ்தானுக்குரிய இணைய முகவரியைக் கொண்டிருந்த மற்றொரு வழங்கியின் பெயரை அந்நாட்டு ஆட்சியாளர் முடக்கினர். பெருநிறுவனமாயின் நிலைக்கும் என்பாரும் உளர். மொசில்லா நடத்திய வழங்கியே 2024 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது.

இதனை உணர்ந்தே மாஸ்டடனின் ஆக்குநர் 2019இல் ஓர் உடன்பாட்டை வகுத்தனர். தம் பட்டியலில் இடம்பெற விரும்பும் வழங்கி நாள்தோறும் சேமக்காப்புப் பிரதி எடுத்தல் வேண்டும். அவசர வேளையில் இயந்திரத்தை இயக்க இன்னுமொருவருக்கேனும் திறவுகோல் இருத்தல் வேண்டும். இனவெறிப் பேச்சு முதலியவற்றை முனைந்து தடுத்தல் வேண்டும். மூடுவதாயின் மூன்று மாதம் முன்னறிவித்தல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவை காப்போரின் இல்லாமையைக் கருதி எழுந்தவை என்பது கவனிக்கத்தக்கது. நடத்துநர் நோயுறலாம், சலிப்புறலாம், இறக்கலாம். 'நான் உள்ளவரை காப்பேன்' என்பவரைவிட, 'நான் இல்லாதபோது இன்னார் காப்பார்' என்று ஏற்பாடு செய்தவரே நம்பத்தக்கவர்.

மூன்று மாதம் என்பது சிறு சலுகைபோலத் தோன்றலாம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் சில மணி நேர அவகாசத்தில் வலிகாமத்தை விட்டு நாவற்குழி வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்த மக்களிடம் முன்னறிவிப்பின் பெறுமதியைக் கேட்டறியலாம். எதைச் சுமப்பது, எதைப் புதைப்பது, எதை யாரிடம் விடுவது என எண்ணுதற்கு வேண்டிய காலமே அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

இனி, மிகவும் சிக்கலான ஒரு வினா எஞ்சுகின்றது. காப்பவர் தெரிந்தவராய் இருத்தல் நன்றா, அயலவராய் இருத்தல் நன்றா? 'நம்மூர்ப் பிள்ளை நடத்துகிறான், பயமில்லை' என்பதே குடாநாட்டில் இயல்பாக எழும் விடை. சீட்டுப் பிடிப்பவரையும் இவ்வாறே தெரிகின்றனர். வீடு தெரியும், உறவு தெரியும்; ஏமாற்றினால் முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் மாஸ்டடனில் இருவர் தமக்குள் அனுப்பும் தனிச்செய்திகள் பூட்டப்பட்டவையல்ல. நடத்துநர் விரும்பினால் அவற்றைப் படிக்க முடியும். குடாநாடோ அனைவரையும் அனைவரும் அறிந்த இடம். வீட்டார் விரும்பாத காதலை எழுதும் பெண்ணுக்கும், சாதி இழிவைப் பெயர் மறைத்து எழுதும் இளைஞனுக்கும், தூரத்து நாட்டு நடத்துநரின் கண்ணைவிட அடுத்த ஒழுங்கையில் வாழும் ஒன்றுவிட்ட அண்ணனின் கண்ணே அஞ்சத்தக்கது. அண்மை நம்பிக்கையைத் தருகின்றது. அதே அண்மை மறைவைப் பறிக்கின்றது. கோவில் திருவிழாவையும் பாடசாலைச் செய்தியையும் பேசுவோர் ஊரவரைத் தெரிவது தக்கதே. மறைத்துப் பேசவேண்டியதை உடையவர் அயலவரைத் தெரிவதில் ஊர்ப்பற்றின்மை எதுவுமில்லை.

அவ்வாறு ஆராய்ந்து தெரிந்தபின்னும் பயனர்க்குச் செய்யற்பாலன உள. ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும்போது பின்தொடர்வோரை உடனழைத்துச் செல்லலாம். எழுதியவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே ஏழு நாளுக்கொருமுறை கேட்டுப் பெறக்கூடிய பிரதியைத் தம் கைவசம் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. அப்பிரதியிலும் அவர் எழுதியவையே இருக்கும். பிறர் இறுத்த மறுமொழிகள் இரா. வெளிநாட்டிலிருந்த மகனுக்குத் தாய் எழுதிய கடிதங்கள் மட்டும் பெட்டியில் இருந்து, மகன் எழுதியவை தொலைந்துபோன வீடுகள் குடாநாட்டில் பல.